ஆளுக்கு ஒரு மஞ்சப்பை

கேள்வி இதுதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு தம்பி, தை மாதத்தில் மனைவியோடு சென்னையிலிருந்து ஏலகிரிக்குப் போய், டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்க நினைக்கிறார். எழுதி வைத்திருக்கும் பட்டியலில் 43 உருப்படி. "என்ன சுருக்கினாலும் ஒரு பெரிய பை மிச்சமாகுது. அதை நான் முதுகுல மாட்டிக்கட்டுமா, அவளை மாட்டிக்கச் சொல்லட்டுமா?"

இரண்டு பேருமே மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் முதுகில் பை இருந்தால் அது அவர் நெஞ்சில் இடிக்கும். அவர் முதுகில் இருந்தால் நீங்கள் ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் அவரைப் பின்னால் இழுக்கும். வாலாஜா தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், வாணியம்பாடியில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அந்தப் பை மிச்சமாவதற்குக் காரணம் வேறு. தனியாகப் போகிறவரின் பட்டியலை எடுத்து இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள். இரண்டு டார்ச், இரண்டு சோப்புப் பெட்டி, இரண்டு பவர் பேங்க், இரண்டு தட்டு, இரண்டு ஸ்லீப்பிங் பேக். தனிக்குடித்தனம் போனபோது ஆளுக்கொரு கேஸ் அடுப்பா வாங்கினீர்கள்? ஒருவருக்கான சாமானோடு இன்னொரு கால் பங்கு சேர்த்தால் இரண்டு பேருக்குப் போதும். அதற்கு மேல் போவதெல்லாம் பயத்தில் எடுப்பது.

இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் பழைய புல்லட்டில் கொல்லிமலைக்குப் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. கேரியரில் மண்ணெண்ணெய் ஸ்டவ், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், இரும்புக் கடாய், அதன் மேல் ஒரு ஜமக்காளச் சுருட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எலாஸ்டிக் கயிறு. பெரிய பொருள் எல்லாம் பின்னால்தானே போகும் என்ற அறிவுதான். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் ஹேண்டில் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. நான் திருப்புகிறேன், முன்சக்கரம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது. "என்னங்க, நான் இறங்கி நடந்தே வர்றேன்" என்றாள். நடந்தே வந்தாள், ஆனால் மேலே இல்லை, கீழே. காரவள்ளியில் டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் பாதிச் சாமானைக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினோம். மூன்றாம் நாள் திரும்பும்போது வாங்கிக்கொண்டோம். இடையில் இரண்டு ராத்திரியும் நாங்கள் தேடியது விட்டுப்போனதில் ஒரே ஒரு பொருளைத்தான், அவளுடைய தலையணையை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது வளைவில் நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பட்டியல் தானாகவே சுருங்கும். பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் சீசா பலகையின் ஒரு முனையில் உட்காருகிறது. பின்முனை தாழும், முன்முனை எழும்பும். பின்சீட்டு ஆளே ஏறக்குறைய பின் அச்சுக்கு மேல்தான் உட்காருகிறார், முன்சக்கரத்துக்கு அவரால் பெரிய பாரம் கிடைக்காது. அதற்கும் பின்னால், அதுவும் உயரமாக, பத்துப் பதினைந்து கிலோவை ஏற்றினால் முன் டயருக்குத் தரையில் பிடிப்புக் குறைகிறது. மேட்டில், முதல் கியரில் திரும்பும்போது இன்னும் குறையும். தனியாகப் போகிறவர் பின்சீட்டின் மேலேயே பையைக் கட்டிவிடுவார், பாரம் அச்சுக்கு முன்னாலேயே நின்றுவிடும். உங்களுக்கு அந்த இடம் கிடையாது. வண்டியிலேயே சாமான் வைக்க மிகச் சிறந்த இடத்தில் உங்கள் மனைவி உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவர் உட்காரட்டும், மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் சாமானுக்கு.

நான் இதை வார்த்தைக்குச் சொல்லவில்லை. இன்று சாயங்காலமே செய்யுங்கள். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, அவரை ஜாக்கெட், ஹெல்மெட்டோடு பின்னால் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால். அவர் கொஞ்சம் பின்னே நகர்ந்து முதுகை நிமிர்த்தட்டும். அவர் முதுகுக்குப் பின்னால் சீட்டிலும் கேரியரிலும் எவ்வளவு இருக்கிறது என்று கையால் அளந்து பாருங்கள். சீட்டில் நாலு விரல் இருந்தால் அதிர்ஷ்டம். பிறகு அவர் முழங்கால், கணுக்கால் எங்கே வருகிறது என்று பார்த்து, பக்கவாட்டுப் பை அதில் படாத மாதிரி இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பை வாங்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை இது. நாமோ லிட்டர் கணக்கைப் பார்த்துப் பையை வாங்கிவிட்டுத்தான் காலை எங்கே வைப்பது என்று யோசிக்கிறோம்.

இன்னொரு சோதனையும் உண்டு. பின்னால் பையைக் கட்டிய பிறகு அவரால் ஏற முடிகிறதா? வெறும் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது வேறு, முக்கால் அடி உயரத்துக்குப் பை நிற்கும்போது ஏறுவது வேறு. இடது ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்து, உங்கள் தோளைப் பிடித்து, எழுந்து நின்று, அப்புறம் காலைத் தாண்டிப் போட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி முன்பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். அவர் ஏறப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இரண்டு பேரும் சாமானோடு ஏறாதீர்கள். வீட்டு வாசலில் பத்து தடவை ஏறி இறங்கிப் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி எடைக் கணக்கு. வண்டியோடு வந்த கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அதில் வண்டியின் எடையைக் கழியுங்கள், கிளாசிக் 350க்கு அது 195 கிலோ. வருகிற விடையில் நீங்கள், அவர், இரண்டு ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் அடக்கம். நீங்கள் 78, அவர் 62 என்று வைத்துக்கொண்டால் உடுப்போடு சேர்த்து 150 கிலோவைத் தொட்டுவிடுவீர்கள். மிச்சம்தான் சாமானுக்கு. அந்த மிச்சத்தையும் முழுசாக நிரப்பாதீர்கள். என் வரம்பு, பைகளின் எடையையும் சேர்த்து, 17 கிலோ. இரண்டு ராத்திரியோ ஐந்து ராத்திரியோ எனக்கு அதுதான். நாள் கூடினால் துவைத்துக்கொள்ளலாம்.

அந்த 17 கிலோ எங்கே போகிறது என்பதைத் தோராயமாகச் சொல்கிறேன். டென்ட் இரண்டரை கிலோ சொச்சம். கீழே விரிக்கும் இரண்டு ஃபோம் பாய் சேர்ந்து முக்கால் கிலோ. போர்த்திக்கொள்ள ஒன்றரை கிலோ. அடுப்பு, சின்ன கேஸ், பாத்திரம் ஒன்றேகால். இரண்டு பேர் துணியும் நாலு கிலோ. மழைக்கோட்டு ஒன்றரை. கருவி, பங்ச்சர் சாமான் ஒன்றரை. மருந்து, விளக்கு, சார்ஜர், சோப்பு, பிரஷ் எல்லாமாக ஒன்றரை. பைகள் இரண்டரை. இதைத் தராசில் வைத்தே பாருங்கள். பழைய பேப்பர்க்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருக்கட்டும். கையால் தூக்கிப் பார்த்து "லேசாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர் பெரும்பாலும் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

துணிதான் எப்போதும் வீங்குகிற இடம். அதற்கு எங்கள் வீட்டுச் சட்டம்: ஆளுக்கு ஒரு மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுப்பார்களே, அதே பை, அதே அளவு. அதற்குள் அடங்குவது வரும், அடங்காதது வராது. கைப்பிடி இரண்டும் முடிச்சுப் போடும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. உங்களுக்கும் அவருக்கும் ஒரே அளவு பை, உள்ளே என்ன வைப்பது என்பது அவரவர் பாடு. நீங்கள் அவர் பையைத் திறந்து "இது எதுக்கு" என்று கேட்கக் கூடாது. பயணத்தில் பெண்களுக்கு வேண்டியது சில நமக்குத் தோன்றவே தோன்றாது. கேட்டால் அவர் அதை எடுத்து வெளியே வைத்துவிடுவார், நடுக்காட்டில் இரண்டு பேரும் திண்டாடுவீர்கள். நீங்கள் குறைக்க வேண்டியது உங்கள் கேமரா ஸ்டாண்டை.

என் மஞ்சப்பைக்குள் இருப்பது: இரண்டு டி-ஷர்ட், ஒரு டிராக் பேன்ட், உள்ளாடை, சாக்ஸ், ஒரு ஈரோட்டுத் துண்டு, ஒரு லுங்கி. ஜீன்ஸ் உடம்பில் இருப்பது மட்டும்தான், இரண்டாவது ஜீன்ஸ் முக்கால் கிலோ, நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. டர்க்கி டவல் கேம்பிங்குக்கு எதிரி. ஈரோட்டுத் துண்டு ஒரு மணி நேரக் காற்றில் காய்ந்துவிடும், வெயிலில் தலைக்கு, புழுதியில் மூக்குக்கு, சூடான பாத்திரத்தைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் ஆகும். லுங்கியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். உடுத்தலாம், விரிக்கலாம், போர்த்தலாம், உடை மாற்றும்போது திரையாகப் பிடிக்கலாம். இரண்டு முனையையும் முடிந்து உள்ளே மாற்றுத் துணியைத் திணித்தால் தலையணை. கொல்லிமலையில் எங்களுக்கு இது தெரியாமல் போனது. இப்போது அவள் மெத்தென்ற பருத்தித் தலையணை உறை மட்டும் கொண்டு வருகிறாள், உள்ளே என் ஜாக்கெட் போகிறது. உறை எடையே தெரியாது, தூக்கம் வந்துவிடும்.

அவருடைய உடுப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். துப்பட்டா வேண்டாம், தொங்கும் எதுவும் வேண்டாம். பின்சக்கரத்தில் துணி சுற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டுப் பைக்கு இடம் வேண்டும் என்று சிலர் சாரி கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது, கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் அதே விதியில்தான் வருகின்றன. துணிப்பையின் அடி ஸ்போக்கில் உரசாமல் காப்பதும் அதே சாரி கார்டுதான். பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதைச் சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனைவிக்கு மட்டும் "சும்மா ஒரு ஹெல்மெட்" வாங்காதீர்கள். ஆறு மணி நேரம் அதற்குள் இருக்கப் போவது அவர் தலை.

படுக்கைக்கு வருவோம். ஸ்லீப்பிங் பேக் இரண்டு எழுதியிருக்கிறீர்கள். கடையில் வாங்கும் சாதாரண ஸ்லீப்பிங் பேக் ஒன்று பந்து மாதிரி இடத்தை அடைக்கும், இரண்டு சேர்ந்தால் பின்பை காலி. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். மார்கழி, தையில் குளிரும், ஆனால் லடாக் குளிர் இல்லை. அகலமான ஒரு ஃபிளீஸ் போர்வை, ஒரு பருத்திப் போர்வை, உடம்பில் முழுக்கைச் சட்டை, காலில் சாக்ஸ், இது போதும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே நாலு போர்வை போர்த்தினாலும், உடம்பின் எடையில் அமுங்கிப் போன துணி தரைச்சில்லிப்பைத் தடுக்காது. காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கும் ஃபோம் பாய்தான் தடுக்கும். அது எடையும் இல்லை, அமுங்கினால் அழுவதும் இல்லை. பின்கேரியரில் அவர் முதுகுக்குப் பின்னால் குறுக்காகக் கட்டினால் மெத்தென்ற சாய்மானமாகவும் ஆகிவிடும். அச்சுக்குப் பின்னால் வைக்கலாம் என்று நான் மனசார அனுமதிக்கும் சாமான் அது ஒன்றுதான், கூடவே போர்வை.

டென்ட் வாங்கும்போது, தூக்கி எறிந்தால் தானே விரியும் வகையைப் பார்த்து மயங்காதீர்கள். மடித்தால் அது கல்யாணச் சாப்பாட்டுத் தாம்பாளம் மாதிரி ஒரு பெரிய வட்டத் தட்டு. காரில் வைக்கலாம். மோட்டார் சைக்கிளில் கட்டினால் அவர் முதுகில் பாய்மரம் கட்டிய மாதிரிதான். கம்பி கோத்து நிறுத்தும் இரண்டு பேர் டென்ட் போதும். அதையும் அதன் உறைக்குள்ளேயே மொத்தமாக வைக்காமல் பிரித்து விடுங்கள். கம்பிகளும் முளைகளும் ஒரு பக்கப் பையில், துணி இன்னொரு பக்கப் பையில். இரண்டு பக்கமும் எடை சரியாகும். கடற்கரை ஓரமாகவோ ஏரி ஓரமாகவோ டென்ட் போட்டால் இரண்டு பேர் மூச்சு விடும் ஈரமே காலையில் மேல்துணியின் உள்பக்கம் சொட்டும். மழை என்று பயப்பட வேண்டாம், காற்றுத் துவாரத்தை அடைக்காமல் இருந்தால் குறையும்.

உண்மையைச் சொன்னால் முதல் பயணத்துக்கு நான் டென்ட்டே வேண்டாம் என்பேன். ஏலகிரியில் டென்ட் போட்டுக் கொடுக்கும் தனியார் முகாம்கள் இருக்கின்றன. கழிப்பறையும் இருக்கும், வண்டியை நிறுத்தப் பாதுகாப்பான இடமும் இருக்கும். முதல் தடவை அங்கே தங்கி, எடையில்லாத வண்டியில் இரண்டு பேரும் வளைவுகளைப் பழகிக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் டென்ட் போடும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள், மலைச்சரிவில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தங்குவது குற்றம், தீ மூட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ யாருக்கும் மறந்திருக்காது. விறகு மூட்டிச் சுற்றி உட்காரும் கனவைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கோடரி, ரம்பம், கறி சுடும் கம்பி எல்லாம் உங்கள் பட்டியலில் இருந்து போய்விடும். நாலு கிலோ மிச்சம்.

அடுப்பு கேட்டிருந்தீர்கள். 230 கிராம் கேஸ் குப்பியும், அதன் தலையில் திருகும் சின்ன பர்னரும் போதும். இரண்டு நாள் காப்பிக்கும் நூடுல்ஸுக்கும் தாராளம். வெறும் பியூட்டேன் கேஸ் பூஜ்ஜிய டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் ஆவியாக மறுக்கும். நம்மூர் மலைகளில், தை மாத ஊட்டி நீங்கலாக, அந்தக் கவலை கிடையாது, விலை கூடிய குளிர்ப்பிரதேசக் குப்பி வேண்டாம். குப்பியை வலது பக்கப் பையில் மட்டும் வைக்காதீர்கள். சைலன்சர் அந்தப் பக்கம்தான். ஒரு தடவை என் வலது பக்கப் பையின் அடி சைலன்சரில் படிந்து, ஆம்பூர் வருவதற்குள் பை உருகி, உள்ளே இருந்த வேட்டியில் கருப்பாக ஒரு வட்டம் விழுந்தது. நல்ல வேளை, வேட்டியோடு போனது. வண்டி நிற்கும்போது விலகித் தெரியும் பை, இரண்டு பேர் ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கிய பிறகு தொடும். சோதிப்பதை ஆள் ஏறிய பிறகு சோதியுங்கள். டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள், காரணம் உங்களுக்கே தெரியும்.

சாப்பாட்டில் நாம் கொடுத்து வைத்தவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் உலர்த்திய சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காசு கொட்டி வாங்குகிறார்கள். நம் வீட்டில் புளியோதரை இருக்கிறது. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி இருக்கிறது. வாழையிலையில் கட்டிக் காலையில் கிளம்பினால் ராத்திரி டென்ட் வாசலில் உட்கார்ந்து சாப்பிடலாம். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், மதியத்துக்கே ஊசிப்போகும். இலை குப்பையும் இல்லை, கழுவத் தட்டும் இல்லை. மறுநாளுக்கு மலைமேல் அத்தனாவூரில் ஓட்டல் இருக்கிறது. அரிசி, பருப்பு, குக்கர் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். நீங்கள் போவது வனவாசம் இல்லை. காப்பிக்கு மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காலையில் இறக்கிய டிகாஷன் ஒரு சின்ன இருமல் மருந்துக் குப்பியில் வரும், பால்பவுடர் ஒரு பொட்டலம். இன்ஸ்டன்ட் பொட்டலம் இன்னும் லேசு என்று மகன் சொல்கிறான். சொல்லட்டும்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. சென்னையிலிருந்து ஐந்து லிட்டரைச் சுமந்து 230 கிலோமீட்டர் போவதில் அர்த்தமில்லை. ஓடும்போது ஆளுக்கு ஒரு பாட்டில். ராத்திரிக்கு வேண்டியதைத் தங்குமிடத்துக்கு முந்தைய கடைசி ஊரில் பிடித்துக்கொள்ளுங்கள். மடித்துச் சுருட்டும் காலிப் பை ஒன்று இருந்தால் நல்லது.

இப்போது ஏற்றும் முறை. கனமானது கீழே, அதுவும் முன்னால். கருவிகள், கேஸ் குப்பி, பாத்திரம், டென்ட் கம்பி எல்லாம் பக்கவாட்டுப் பைகளின் அடியில், அவர் காலுக்குப் பக்கத்தில் வரும் முனையில். அதற்கு மேல் மஞ்சப்பைகள். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, ஏனென்றால் மழை உங்களைக் கேட்டுவிட்டு வராது. டேங்க் பை வைக்கலாம், ஆனால் சின்னதாக. பெரிய டேங்க் பை உங்கள் வயிற்றைத் தள்ளும், நீங்கள் பின்னால் நகர்வீர்கள், அவர் கேரியர் கம்பி மேல் உட்காருவார். இது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியும். டேங்க் பை வைத்த பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். யூ-டர்ன் எடுக்கும்போது பை தானாக ஹாரன் அடிக்கக் கூடாது.

எலாஸ்டிக் கயிற்றை நம்பாதீர்கள். குழியில் விழுந்து எழும்போது நீண்டு சுருங்கும், கொக்கி விடும். விட்ட கொக்கி சக்கரத்துக்குப் போகும், கட்டும்போது கை நழுவினால் கண்ணுக்கு வரும். பக்கிள் வைத்து இறுக்கும் பட்டை வார் வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் கேட்டால் கிடைக்கும், பாரிமுனைப் பக்கம் தார்ப்பாய், கயிறு விற்கும் கடைகளில் இன்னும் மலிவு. கட்டி முடித்த பிறகு தொங்கும் வால் நுனிகளை முடிந்துவிடுங்கள். முதல் இருபது கிலோமீட்டரில் ஒரு தடவை, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாலேயே, நின்று இறுக்கிப் பாருங்கள். துணி கொஞ்சம் அமுங்கியிருக்கும், வார் தளர்ந்திருக்கும்.

வண்டியையும் தயார் பண்ண வேண்டும். பின்டயருக்கு இரண்டு பேர் போவதற்கான காற்றழுத்தம் தனியாகக் கையேட்டில் இருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் அதைப் பிடியுங்கள். பின்பக்க இரண்டு ஷாக் அப்சார்பரிலும் ஆறு நிலை உண்டு. கருவிப் பையில் வரும் வளைந்த ஸ்பேனரால் இரண்டையும் ஒரே எண்ணுக்குத் திருப்பி ஏற்றுங்கள். ஒன்று மூன்றிலும் ஒன்று ஐந்திலும் இருந்தால் வண்டி கோணிக்கொண்டு போகும். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவர் திட்டுவார், அதையும் இறக்கிக்கொள்ளுங்கள். செயினைக் கயிறு மாதிரி இறுக்கிவிடாதீர்கள். ஆள் ஏறியதும் அது இன்னும் இறுகும்.

உங்கள் வண்டிச் சக்கரம் அலாயா ஸ்போக்கா என்று நீங்கள் எழுதவில்லை. அலாய் என்றால் டியூப்லெஸ், குச்சி சொருகும் பங்ச்சர் பெட்டியும் சின்னப் பம்பும் போதும். ஸ்போக் என்றால் டியூப். அந்தப் பெட்டி சும்மா எடைதான், அதற்குப் பதிலாகப் பின்சக்கரத்துக்கான 18 அங்குல டியூப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை முழுக்கப் பங்ச்சர் கடை இருக்கிறது. ஆனால் அவரிடம் உங்கள் சைஸ் டியூப் இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்சக்கரம் 19 அங்குலம், மாற்றி வாங்கிவிடாதீர்கள். மற்றபடி கிளட்ச் கேபிள் ஒன்று, ஃபியூஸ் இரண்டு. பாதி மெக்கானிக் ஷெட்டையே தூக்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவியால் வேலை செய்யத் தெரியுமா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், தெரியாதது வீட்டிலேயே இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒத்திகை பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் டென்ட் போட்டு, எழுதி வைத்த சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு படுங்கள். முளை அடிக்க முடியாது, நாலு மூலைக்கும் நாலு செங்கல். கீழே இறங்கி எதையாவது எடுத்து வந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள், அது மட்டும்தான் பட்டியலில் சேர வேண்டியது. விடிந்ததும் அதே சாமானை வண்டியில் ஏற்றி ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வாருங்கள். போக வர நூறு கிலோமீட்டர் சொச்சம். கோவளம் தாண்டியதும் நிறுத்தி, அவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். முழங்கால் என்றால் பக்கப் பையைப் பின்னால் தள்ளுங்கள். இடுப்பு என்றால் நீங்கள் பின்னால் நகர்ந்து உட்காருகிறீர்கள். "ஒண்ணும் இல்லை" என்றால் இன்னொரு தடவை கேளுங்கள்.

ஈசிஆர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மணலில் டென்ட் போடும் யோசனையும் உங்களுக்கு இருந்தால், ஊர்க்காரரைக் கேட்காமல் போடாதீர்கள். தையிலிருந்து சித்திரை வரை பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிட இந்தக் கரைக்குத்தான் ஏறி வருகின்றன. வெள்ளை விளக்கு அவற்றையும் குஞ்சுகளையும் திசை தப்பவைக்கும். தென்னைமரத்தடியில் எங்குமே டென்ட் போடாதீர்கள், நிழல் நன்றாகத்தான் இருக்கும்.

ஏலகிரிக்குப் பதினான்கு வளைவு. பாரதியார், கபிலர், ஔவையார், பாரி என்று புலவர்களும் வள்ளல்களும் ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகையில் வருவார்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், உள்ளே போய் கிளட்ச்சைப் பிடிக்காதீர்கள். அவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: வண்டி சாயும் பக்கம் கூடவே சாய வேண்டும், பயத்தில் எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. உங்கள் உள்தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்தால் உடம்பு தானாக வந்துவிடும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கூடுதல் எடையோடு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே அது சூடாகிவிடும்.

உங்கள் 43 உருப்படிப் பட்டியலில் நான் அடித்தது போக 24 நிற்கிறது. அதில் மடக்கு நாற்காலி இரண்டும் இருக்கிறது. ஒன்றரை கிலோ, வரம்பில் இடமில்லை. ஆனால் அதை எழுதியது உங்கள் மனைவி என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாற்காலியை வைத்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு உங்கள் டிரோனை எடுத்துவிடுங்கள்.